நாளந்தா: வெளியூர் மாணவர்கள் எழுதிவைத்த வரலாறு

ஒரு பல்கலைக்கழகம் பெரிசா சின்னதான்னு இன்னிக்கு எப்படி முடிவு பண்றாங்க? மூணு கேள்வி கேக்கறாங்க. வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? எந்த ஆராய்ச்சியில பலம்? பாடம் நடத்தறவங்க யார் யார்? வருஷா வருஷம் வர்ற உலகத் தரவரிசைப் பட்டியல்களில் இந்த மூணுக்கும் எப்படியும் ஒரு இடம் இருக்கும்.

இதே கேள்விகளைப் பழைய நாளந்தாவைப் பார்த்துக் கேட்டா என்ன பதில் வரும்? அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போறேன். பதில் நிறையவே இருக்கு மக்களே. ஆனா அதில் ஒரு வேடிக்கை. இந்த விவரமெல்லாம் நமக்கு யார் சொல்லித் தெரியுதுன்னு பார்த்தா, பெரும்பாலும் அங்கே படிக்க வந்த வெளிநாட்டுக்காரங்கதான். உள்ளூர்க்காரங்க எழுதிவச்சதில் நமக்குக் கிடைப்பது கொஞ்சம் கல்வெட்டு, கொஞ்சம் செப்பேடு, நிறைய களிமண் முத்திரைகள். அவ்வளவுதான்.

இடமும் காலமும்

நாளந்தா இருப்பது பீகாரில், பாட்னாவுக்குத் தென்கிழக்கே, ராஜகிருகம் போற வழியில். புத்தரின் சீடர் சாரிபுத்திரருடைய ஊர் இந்தப் பக்கம்தான்னு ஒரு நம்பிக்கை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பயணி பாஹியான் இந்த வட்டாரத்தில் நடந்துபோகிறார். 'நாலோ' என்கிற கிராமம், சாரிபுத்திரருக்கு ஒரு ஸ்தூபி, இதை மட்டும் குறிச்சுக்கறார். பெரிய மடம் எதையும் பற்றிப் பேச்சே இல்லை. பக்கம் பக்கமா எழுதற மனுஷர், இருந்திருந்தா விட்டிருக்க மாட்டார்.

அதுக்கு அப்புறம்தான், அதே நூற்றாண்டில், குப்த அரசன் குமாரகுப்தன் காலத்தில் முதல் விகாரம் எழும்புது. பிறகு வந்த அரசர்கள் ஆளுக்கு ஒண்ணா பக்கத்திலேயே கட்டிக்கிட்டே போறாங்க. பதிமூணாம் நூற்றாண்டு வரைக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் அங்கே பாடம் நடந்திருக்கு. சுமார் எண்ணூறு வருஷம்.

இன்னிக்கு நாம சொல்ற அர்த்தத்தில் அதைப் 'பல்கலைக்கழகம்'னு சொல்லலாமான்னு ஒரு விவாதம் உண்டு. பட்டம் கிடையாது, பரிட்சைத்தாள் கிடையாது, அடிப்படையில் அது ஒரு பௌத்த மகாவிகாரம். ஆனா அங்கே படித்தார்னு சொன்னா ஆசியா முழுக்க மரியாதை இருந்தது. அதனால நானும் அந்தச் சொல்லையே வச்சுக்கறேன்.

வாசல்காரர் கேட்ட கேள்வி

ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங் (நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல வர்ற அதே ஆள்தான்) 629-ல் அரசாங்க அனுமதி இல்லாமலே ஊரைவிட்டுக் கிளம்பினவர். பாலைவனம், பனிமலை எல்லாம் தாண்டி 637 வாக்கில் நாளந்தா வந்து சேர்ந்தார். அங்கே சேர்வது எவ்வளவு கஷ்டம்னு அவர் எழுதறார்: வெளியூரிலிருந்து விவாதத்தில் கலந்துக்க வர்றவங்களை வாசல்லயே நிறுத்தி, வாயில்காப்பவர் கஷ்டமான கேள்விகளைக் கேட்பாராம். பத்துக்கு ஏழு எட்டுப் பேர் பதில் சொல்ல முடியாம அப்படியே திரும்பிப் போயிடுவாங்களாம். வாட்ச்மேனே வைவா எடுத்திருக்கார் :-)

இன்னொரு குறிப்பு இதைவிட ருசி. நாளந்தாவில் படித்தவன்னு பொய் சொல்லிக்கிட்டு ஊர் ஊராப் போய் மரியாதை வாங்கிக்கிட்ட ஆட்களும் இருந்தாங்களாம். போலிச் சான்றிதழ் நம்ம காலத்துக் கண்டுபிடிப்புன்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

உள்ளே நுழைஞ்சவருக்கு என்ன கிடைச்சது? யுவான் சுவாங்கின் சீடர் ஹுயிலி எழுதின வாழ்க்கை வரலாறு தினசரிப் படியைக்கூட விடாம கணக்கு சொல்லுது: 120 ஜம்பீரப் பழம், 20 பாக்கு, கொஞ்சம் கற்பூரம், ஒரு படி அளவுக்கு மகாசாலி அரிசி. மகதத்தில் மட்டும் விளையும், வாசனையான, பெரிய மணி அரிசியாம் அது. வெளியே போக யானை வேற. எல்லா மாணவருக்கும் இந்த வசதி இருந்திருக்காது, மதிப்புக்குரிய விருந்தாளிகளுக்கு மட்டும்தான்.

எத்தனை பேர்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். 'பத்தாயிரம் மாணவர்கள்'னு எல்லாரும் எழுதறோமே, அது ஹுயிலியின் புத்தகத்தில் வர்ற எண்ணிக்கை. உள்ளூர்த் துறவிகள், விருந்தாளிகள் எல்லாரையும் சேர்த்துச் சொன்னது. யுவான் சுவாங் தானே எழுதின பயண நூலில் 'சில ஆயிரம்'னுதான் இருக்கு. அடுத்த தலைமுறையில் வந்து பத்து வருஷம் அங்கேயே தங்கின இட்சிங் சொல்வது மூவாயிரத்துச் சொச்சம். எட்டு மண்டபம், முந்நூறு அறைன்னு அறைக்கணக்கும் தர்றார். தொல்லியல் துறை தோண்டி வெளியே கொண்டுவந்தது வரிசையாப் பதினொரு விகாரங்கள். இன்னும் மண்ணுக்குள்ளே எவ்வளவு இருக்கோ, அது வேற விஷயம்.

என் கணக்குக்கு இட்சிங் சொன்ன மூவாயிரமே போதும். அந்தக் காலத்தில் மூவாயிரம் பேர் ஒரே வளாகத்தில் சாப்பிட்டு, குளிச்சு, படிச்சாங்கன்னா அது சாதாரணமா? காலையில் மணி அடிச்சதும் நூறு நூறா, சில நாள் ஆயிரமா, சுத்தியிருக்கற பத்துக்கும் மேற்பட்ட குளங்களுக்குத் துறவிகள் குளிக்கப் போற காட்சியை இட்சிங் எழுதியிருக்கார். நேரம் பார்க்கத் தண்ணீர்க் கடிகாரம் இருந்ததையும் சொல்றார்.

ஆசிரியர் கணக்கும் ஹுயிலியிடம் இருக்கு. இருபது நூல் தொகுதிகளை விளக்கத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர், முப்பது தெரிஞ்சவங்க ஐந்நூறு பேர், ஐம்பது தெரிஞ்சவங்க பத்துப் பேர். எல்லாம் தெரிஞ்சவர் ஒருத்தர்தான், தலைமை ஆசிரியர் சீலபத்திரர். தினமும் நூறு இடத்தில் பாடம் நடக்குமாம். சீடர் எழுதினது, கொஞ்சம் பெருமையும் கலந்துதான் இருக்கும். ஆனாலும் 'எத்தனை படிச்சிருக்கே'ங்கறதை வச்சு ஆசிரியர்களைத் தரம் பிரிக்கிற பழக்கம் இருந்ததுன்னு தெரியுது.

பலமான துறை எது?

மகாயானம், பதினெட்டுப் பௌத்தப் பிரிவுகளின் நூல்கள், வேதம், இலக்கணம், மருத்துவம், சாங்கியம்னு பாடப்பட்டியல் நீளம். எதிராளியோட நூலையும் படிச்சாத்தானே வாதத்தில் ஜெயிக்க முடியும்? ஆனா நாளந்தா அக்காலத்தில் முன்னணியில் நின்னது ரெண்டு துறைகளில். ஒண்ணு, ஹேதுவித்யை எனும் தர்க்கம். இன்னொண்ணு, யோகாசாரம். நாம உணர்கிற உலகம் மனசிலிருந்து தனியா நிக்குதா, இல்லை அறிவின் தோற்றம்தானான்னு அலசுகிற தத்துவம். யுவான் சுவாங் அவ்வளவு தூரம் வந்ததே யோகாசாரத்தின் பெரிய நூல் ஒன்றை முழுசாப் பாடம் கேக்கத்தான். சீலபத்திரர் அதை நடத்தி முடிக்கப் பதினஞ்சு மாசம் ஆச்சு. அப்போ வாத்தியாருக்கு நூறு வயசு தாண்டியிருந்ததுன்னு ஹுயிலி சொல்றார்.

காஞ்சிபுரத்து வாத்தியார்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சீலபத்திரருக்கு வாத்தியார் யார் தெரியுமா? தர்மபாலர். சொந்த ஊர் காஞ்சிபுரம்.

யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்து கேட்டு எழுதின கதை இது. தர்மபாலர் அங்கே ஒரு பெரிய அமைச்சரின் மகன். அரசன் தன் பெண்ணையே அவருக்குக் கட்டிவைக்க ஏற்பாடு பண்ணிட்டான். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி இவர் புத்தர் சிலைக்கு முன்னாடி மனமுருக வேண்டிக்கிட்டு, ஊரைவிட்டே தப்பிச்சுப் போய்த் துறவியாகிட்டார். அந்தப் பையன்தான் பிற்பாடு நாளந்தாவுக்கே தலைவரானார். காலம் ஆறாம் நூற்றாண்டு. முப்பத்திரண்டு வயசிலேயே இறந்துட்டார்னு சீன மரபு சொல்லுது.

அவர் காலத்தில் தென்னாட்டிலிருந்து ஒரு வாதி, இவர் புகழைக் கேள்விப்பட்டு மகதம் வரைக்கும் வந்து வாதுக்கு அழைச்சார். தர்மபாலர் கிளம்பும்போது, 'நான் போறேன்'னு முன்னாடி வந்தவர் முப்பது வயசு சீலபத்திரர். வங்காளத்துக் கிழக்குப் பகுதியான சமதடத்துக்காரர். சின்னப் பையனா இருக்கானேன்னு மத்தவங்க தயங்க, தர்மபாலர் அனுப்பிவச்சார். சீடர் ஜெயிச்சார். அரசன் பரிசாக் கொடுத்த ஊரின் வருமானத்தை வச்சு ஒரு மடம் கட்டினார். ஆக வாதி தெற்கு, குரு காஞ்சி, சீடர் வங்காளம், கேக்கற மன்னன் மகதம், எழுதிவச்சவர் சீனர். 'ஸ்டாஃப்' பட்டியல் எப்படி இருந்திருக்குன்னு பாருங்க.

காஞ்சியிலிருந்து ஏன் இப்படி ஒரு தர்க்க ஆசிரியர்னு கேட்டா, அங்கே அந்த மண் ஏற்கனவே பதப்பட்டிருந்தது. பௌத்த தர்க்கத்தின் முன்னோடி திக்நாகர் காஞ்சிப் பக்கத்துக்காரர்னு மரபு. மணிமேகலையில் காஞ்சியில் வச்சு அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித் தர்றாரே, அந்தப் பகுதிக்கும் யுவான் சுவாங் சீனத்தில் மொழிபெயர்த்த 'நியாயப் பிரவேசம்' நூலுக்கும் ரொம்ப நெருக்கம்னு ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க. காஞ்சியில் ஒரு தமிழ்க் காப்பியமும், சீனாவில் ஒரு மொழிபெயர்ப்பும் ஒரே பாடத்தைச் சொல்லுது.

இதில் வலிக்கிற இடம் எதுன்னா, தர்மபாலர் எழுதின உரைகளின் சமஸ்கிருத மூலம் தொலைஞ்சு போச்சு. மிச்சம் இருப்பது யுவான் சுவாங்கும் இட்சிங்கும் செய்த சீன மொழிபெயர்ப்புகள்தான். 659-ல் யுவான் சுவாங் தொகுத்த பெரிய யோகாசார நூல், பல உரைகாரர்களில் தர்மபாலரின் கருத்தையே முதன்மையா எடுத்துக்கிட்டது. அது சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய், நாரா நகரத்துக் கோஃபுகுஜி, யாகுஷிஜி கோயில்களின் ஹோஸ்ஸோ மரபுக்கு அடிப்படையாச்சு. காஞ்சிக்காரரின் சிந்தனை நாராவில் இன்னிக்கும் உசிரோட இருக்கு. காஞ்சியில் அவர் பேரைக் கேட்டா எத்தனை பேருக்குத் தெரியும்?

திரும்பாதவர்கள்

இட்சிங் 671-ல் குவாங்சௌவில் கப்பலேறினவர். நேரா இந்தியா வரலை. சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாசம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படிச்சுட்டுத்தான் வந்தார். இந்தியா போற சீனத் துறவிகள் முதல்ல ஸ்ரீவிஜயத்தில் ஒண்ணு ரெண்டு வருஷம் பழகிக்கிட்டுப் போறது நல்லதுன்னு பிறகு சிபாரிசும் பண்றார். அந்தக் காலத்து 'பிரிட்ஜ் கோர்ஸ்'!

அவர் செய்த இன்னொரு காரியம்தான் என் மனசைத் தொட்டது. தன் காலத்தில் இந்தியாவுக்குப் படிக்கக் கிளம்பின ஐம்பத்தாறு துறவிகளின் வாழ்க்கைக் குறிப்பைத் தொகுத்தார். சீனர்கள் மட்டும் இல்லை, கொரியர்கள், வியட்நாம் பக்கத்தவர்கள், மத்திய ஆசியர்களும் உண்டு. கப்பல் கவிழ்ந்து செத்தவங்க, காய்ச்சலில் போனவங்க, வழியில் காணாமப் போனவங்கன்னு அந்தப் பட்டியல் நீளுது. கொரியாவின் சில்லா நாட்டிலிருந்து வந்து ஆரியவர்மர்னு பேர் வச்சுக்கிட்டவர், ஊருக்குத் திரும்பணும்னு ஆசைப்பட்டும் முடியாம, எழுபது வயசுக்கு மேல நாளந்தாவிலேயே கண்ணை மூடினார். இன்னொரு சில்லாக்காரர் அங்கே விட்டுப்போன சீனச் சுவடியை இட்சிங்கே பார்த்தார். பல்குச்சி மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதினேன்னு அதில் ஒரு குறிப்பு. விசாரிச்சா, அவர் அங்கேயே இறந்துட்டதா மடத்துக்காரங்க சொன்னாங்க. இட்சிங் எழுதிவைக்காம விட்டிருந்தா அந்த மனுஷர் வாழ்ந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

திரும்பிப் போன யுவான் சுவாங்குக்கும் நாளந்தா மறக்கலை. 645-ல் 657 நூல்களோட சாங்கான் போய்ச் சேர்ந்தவர், சிந்து நதியைக் கடக்கும்போது ஒரு பகுதிச் சுவடிகளை ஆத்துல விட்டிருந்தார். பல வருஷம் கழிச்சு, 654-ல், நாளந்தா நண்பர் ஞானப்பிரபருக்குக் கடிதம் எழுதறார். சீலபத்திரர் காலமான சேதி கேட்டுத் துக்கப்பட்டுட்டு, தொலைஞ்ச நூல்களின் பட்டியலை இணைச்சு, முடிஞ்சா அனுப்பிவைங்கன்னு கேக்கறார். வாத்தியார் போனதுக்கு அழுகையும், விட்டுப்போன புத்தகத்துக்கு லிஸ்ட்டும் ஒரே கடிதத்தில். படிச்ச எடத்து மேல பாசம்னா இதுதானே?

செலவுக்கு யார் காசு?

கல்விக் கட்டணம் கிடையாது. அப்போ யார் கொடுத்தாங்க? கிராமங்கள். யுவான் சுவாங் காலத்தில் நூறு கிராமத்து வருமானம் நாளந்தாவுக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. இருநூறு வீட்டுக்காரங்க தினமும் அரிசியும் பாலும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தாங்க. இட்சிங் காலத்தில் கிராமம் இருநூறைத் தாண்டிடுச்சு. மாணவர்கள் பிச்சைக்குப் போகாம படிப்பில் கவனமா இருந்ததுக்கு இதுதான் காரணம்னு ஹுயிலியும் சொல்றார். மகாசாலி அரிசியின் ருசியை எழுதிவச்சாங்க. அதை விளைவிச்சவங்க பேரை யாரும் எழுதலை.

வெளிநாட்டு அரசரும் பணம் போட்டார். 1921-ல் நாளந்தா அகழ்வில் ஒரு செப்பேடு கிடைச்சது. ஒன்பதாம் நூற்றாண்டின் பால மன்னர் தேவபாலருடையது. சுவர்ணத்தீவின், அதாவது சுமத்திராவின், அரசர் பாலபுத்திரதேவர் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்டிட்டு, அதன் செலவுக்குக் கிராமம் வேணும்னு கேக்கறார். தேவபாலர் ஐந்து கிராமங்களைக் கொடுக்கறார். எதுக்கெல்லாம்னா, துறவிகளின் சாப்பாடு, நோயாளிகளுக்கு மருந்து, சுவடி எழுதுவது, கட்டடம் பழுது பார்ப்பது. தன் நாட்டுப் பசங்க போய்ப் படிக்கிற இடத்தில் ஒரு ஹாஸ்டல் கட்டின மாதிரி.

இந்த ஏற்பாடு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல? நூத்தைம்பது வருஷம் கழிச்சு நாகப்பட்டினத்தில் இதேதான் நடந்தது. ஸ்ரீவிஜய அரசர் சூடாமணி விகாரம் கட்ட, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை அதுக்குக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் டச்சுக்காரர்கள் வழியா லெய்டன் நகரத்துக்குப் போனதால லெய்டன் செப்பேடுகள்னு பேர்.

கடைசிப் பாடம்

நாளந்தாவின் முடிவைப் பற்றி நிறைய சண்டை உண்டு. 1200-ஐ ஒட்டி பக்தியார் கில்ஜியின் படை மகதத்துக்குள் வந்ததும், விகாரங்களைத் தாக்கித் துறவிகளைக் கொன்னதும் நிச்சயம். ஆனா மின்ஹாஜ் என்கிற வரலாற்றாசிரியர் அடுத்த தலைமுறையில் எழுதினதில் விவரிப்பது 'பீகார்' கோட்டை மீதான தாக்குதலை. அது பக்கத்திலிருந்த ஓதந்தபுரியா இருக்கணும்னுதான் ஆராய்ச்சியாளர்கள் நினைக்கறாங்க. நாளந்தான்னு பேர் அதில் வரலை. நூலகம் ஆறு மாசம் எரிஞ்சதுங்கற வரிக்குச் சமகாலச் சான்று கிடையாது. அதுக்கு முன்னாடியே ஒரு தீவிபத்தும் நடந்திருக்கு. முதலாம் மகிபாலன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு, தீயில் சேதமான கட்டடத்தைப் புதுப்பிச்சதைச் சொல்லுது. ஆதரவு குறைஞ்சது, விக்ரமசீலா மாதிரி புது மடங்களுக்கு மவுசு வந்தது, படையெடுப்பு, எல்லாம் சேர்ந்துதான் அந்த இடம் விழுந்திருக்கு.

விழுந்தபிறகு என்ன நடந்தது என்பதுக்குக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருத்தர் இருக்கார். அவரும் வெளிநாட்டு மாணவர்தான்: திபெத்தின் தர்மஸ்வாமி. 1235-ல் அவர் நாளந்தா வந்தபோது பெரும்பாலான விகாரங்கள் பாழ். பயன்படுத்தற நிலையில் ரெண்டே ரெண்டு. அங்கே ராகுல ஸ்ரீபத்திரர்னு தொண்ணூறு வயசுப் பெரியவர், எழுபது பேரை வச்சுக்கிட்டு இலக்கணம் நடத்திக்கிட்டிருந்தார். படை வருதுன்னு சேதி வந்ததும் எல்லாரும் ஓடிட்டாங்க. வாத்தியார் நகரலை. 'எனக்கு வயசாச்சு, நீயாவது போ'ங்கறார். இவர் விடலை. தொண்ணூறு வயசு வாத்தியாரைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் மறைஞ்சிருந்து, படை போனதும் திரும்பி வந்து பாடத்தைத் தொடர்ந்து முடிச்சுட்டுத்தான் ஊருக்குப் போனார்.

பிறகு ஊரே மறந்துடுச்சு. மேடும் செங்கல்லுமா, பக்கத்துக் கிராமத்தின் பேரால பர்காவ்னு மட்டும் இருந்தது. 1811-12-ல் புக்கானன் ஹாமில்டன் இடிபாடுகளைப் பார்த்து எழுதினார், ஆனா அது நாளந்தான்னு அவருக்குத் தெரியலை. 1861-62-ல் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், அப்போ புதுசா பிரெஞ்சில் வந்திருந்த யுவான் சுவாங் மொழிபெயர்ப்பைக் கையில் வச்சுக்கிட்டு, அதில் சொன்ன தூரத்தையும் திசையையும் சரிபார்த்து, இதுதான் நாளந்தான்னு உறுதிப்படுத்தினார். 1915-லிருந்து பெரிய அளவில் அகழ்வு. 2016-ல் யுனெஸ்கோ பட்டியல். ராஜகிருகத்தில் 2014-ல் அதே பேரில் புதுப் பல்கலைக்கழகமும் பாடம் நடத்த ஆரம்பிச்சது.

யோசிச்சுப் பாருங்க. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தி படிச்சுட்டுப் போன ஒரு மாணவன் எழுதின குறிப்பை வச்சுத்தான் அந்தக் கல்லூரி எந்த இடத்தில் இருந்ததுன்னே கண்டுபிடிக்க முடிஞ்சது. அங்கே பாடம் நடத்தின காஞ்சிக்காரரின் எழுத்தும் அதே மாணவன் புண்ணியத்தில்தான் தப்பிச்சது. வெளிநாட்டு மாணவர்னா இன்னிக்குக் கட்டணமும், தரவரிசையில் ரெண்டு மார்க்கும்தான் பல பேருக்கு ஞாபகம் வருது. நாளந்தா அவங்களுக்குச் சோறு போட்டு, அறை கொடுத்து, கேட்ட சுவடியைப் படியெடுக்க விட்டது. அப்படிக் கொடுத்ததுதான் மிஞ்சிச்சு. உள்ளேயே பூட்டிவச்சது எல்லாம் போச்சு.

தர்மபாலர் பற்றியோ, காஞ்சியின் பழைய பௌத்தப் பள்ளிகள் பற்றியோ படிச்ச விவரம் உங்ககிட்ட இருந்தா கட்டாயம் எழுதுங்க. சீனம் தெரிஞ்ச தமிழர் யாராவது அவர் உரைகளில் ஒண்ணையாவது நேராத் தமிழுக்குக் கொண்டுவந்தா, அந்தப் பையன் ஒருவழியா ஊர் திரும்பின மாதிரி இருக்கும்.